டீசல் காரில் இன்ஜின் ஆயில் ஏன் ஏறுகிறது?

[திரையில்: டிப்ஸ்டிக்கின் நுனி, மிக அருகில். மேல் கோட்டுக்கும் மேலே ஆயில் பளபளக்கிறது.]

இன்ஜின் ஆயில் ஓட ஓடக் குறையும். வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இப்போதைய டீசல் கார்கள் சிலவற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. சர்வீஸ் முடிந்து சில மாதம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் கூடியிருக்கிறது. யாரும் ஊற்றவில்லை, ஆனாலும் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது.

பார்த்தவுடன் இரண்டு விதமாகத் தோன்றும். "மெக்கானிக் அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டார்" என்று ஒன்று. "குறையாமல் இருந்தால் நல்லதுதானே" என்று இன்னொன்று. முதலாவது சில சமயம் உண்மையாகவே இருக்கும். இரண்டாவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே கூடியிருப்பது பெரும்பாலும் டீசல்.

தொட்டியில் இருக்க வேண்டிய டீசல் ஆயிலுக்குள் எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ள, இன்ஜினை விட்டுவிட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் போக வேண்டும்.

[திரையில்: டி.பி.எஃப்-இன் குறுக்குவெட்டுப் படம். புகை ஒரு துளைக்குள் நுழைந்து, சுவர் வழியாகக் கசிந்து, பக்கத்துத் துளையில் வெளியேறுகிறது.]

இதுதான் டி.பி.எஃப். டீசல் புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பெஜோ நிறுவனம் 2000-இல் 607 என்ற மாடலில் இதைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவின் யூரோ 4 விதி ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள்களை அனுமதித்தது. 2009-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய யூரோ 5 அதை 5 மில்லிகிராமுக்கு இறக்கியது. அதற்கப்புறம் அங்கே டீசல் கார் என்றாலே டி.பி.எஃப் என்று ஆகிவிட்டது.

உள்ளே பீங்கான் போன்ற ஒரு பொருள், தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான நீளத் துளைகளோடு இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு முனை அடைப்பு. ஒன்றுக்கு முன்பக்கம் அடைத்திருந்தால் பக்கத்துத் துளைக்குப் பின்பக்கம் அடைத்திருக்கும். நுழைந்த புகைக்கு நேராக வெளியே போக வழி கிடையாது, சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் கசிந்து போக வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும்.

சரி, தங்கிய கரியை என்ன செய்வது? எரித்தால்தான் போகும். ஆக்சிஜனில் அது நன்றாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும் டீசல் காரின் புகைக்குழாயில் அந்தச் சூடு கிடைக்காது, 200 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் சூடு ஏறும். புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு 600 வரை போகாமலே கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். ஓட்டுபவருக்கு இது நடப்பதே தெரியாது. தினமும் நெடுந்தூரம் போகிறவர்களின் காரில் ஆயில் ஏறும் பேச்சு அதிகம் வராததற்கு இதுவே காரணம்.

மற்றவர்களுக்கு, காரே வலிய சூட்டை உண்டாக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். சுருக்கமாக ரீஜென்.

[திரையில்: சிலிண்டர் அனிமேஷன். பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர் மறுபடியும் பீய்ச்சுகிறது.]

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

சாதாரணமாக, பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும். அழுத்தப்பட்ட காற்று கடும் சூட்டில் இருப்பதால் டீசல் உடனே பற்றிக்கொள்ளும். ரீஜென் நேரத்தில், அந்த வேலை முடிந்த பிறகு இன்ஜெக்டர் இன்னொரு முறை கொஞ்சம் டீசலை விடும். அப்போது பிஸ்டன் பாதி வழிக்கும் கீழே இறங்கியிருக்கும், சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் விழுந்திருக்கும். அதனால் அந்த டீசல் உள்ளே எரியாது. எரியக்கூடாது என்பதுதான் திட்டமும். அது ஆவியாகவே புகையோடு வெளியேறி, டி.பி.எஃப்-க்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கியில் எரிய வேண்டும். அங்கே உண்டாகும் சூட்டில்தான் டி.பி.எஃப் 600 டிகிரியைத் தொடும்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த நொடியில் சிலிண்டருக்குள் இன்னொன்றும் நடக்கிறது. பிஸ்டன் கீழே இருப்பதால் சிலிண்டர் சுவர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அழுத்தம் குறைந்த காற்றில் பீய்ச்சிய டீசல் வழியில் ஆவியாகி முடிக்காமல் நேராகச் சுவரில் போய் அடிக்கிறது. சுவரில் மெல்லிய படலமாக இன்ஜின் ஆயில் இருக்கிறது. டீசல் அதில் கரைகிறது. பிஸ்டன் ரிங் அந்தப் படலத்தை வழித்துக் கீழே இறக்கும்போது டீசலும் சேர்ந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் போய் விழுகிறது.

ஒரு தடவைக்கு இது மிகச் சிறிய அளவு. ஒரு ரீஜென் முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது.

பெட்ரோல் காரிலும் குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடானால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். டீசலுக்கு அந்த வசதி இல்லை. டீசல் கொதிப்பது சுமார் 180-இல் தொடங்கி 360 டிகிரி வரை. சம்ப்பில் இருக்கும் ஆயிலோ 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் உள்ளே போன டீசலில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். பயோடீசல் கலந்த எரிபொருளில் நிலைமை இன்னும் மோசம். அதன் கொதிநிலை 300 டிகிரிக்கும் மேலே, கிட்டத்தட்ட அசையவே அசையாது. "ஒரு லாங் டிரைவ் போனால் ஆயிலில் இருக்கும் டீசல் ஆவியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், அவர் பெட்ரோல் கணக்கை டீசலுக்குப் போடுகிறார்.

அப்படியென்றால் லாங் டிரைவால் பலனே இல்லையா? இருக்கிறது, வேறு விதத்தில். ஒரு ரீஜென் தொடங்கி பாதியில் நீங்கள் வீட்டை அடைந்து இன்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரி முழுக்க எரியவில்லை. அடுத்த முறை இன்ஜின் சூடானதும் கார் மறுபடி ஆரம்பிக்கும். கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க மறுபடி டீசல். சூடு ஏறி வரும்போது மறுபடி நிறுத்தம். கரி அப்படியே இருக்கும், டீசல் மட்டும் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும். 10 நிமிடப் பயணங்களே வாழ்க்கை என்று இருக்கும் கார்களில் ஆயில் ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ரீஜென்னை முடிக்க விட்டால் அடுத்தது வர சில நூறு கிலோமீட்டர் ஆகும்.

[திரையில்: ஒரு பாத்திரத்தில் 5 லிட்டர் ஆயில். அரை லிட்டர் டீசல் ஊற்றப்படுகிறது.]

இப்போது கணக்கு. சம்ப்பில் 5 லிட்டர் ஆயில், அதில் அரை லிட்டர் டீசல் சேர்ந்துவிட்டது. மொத்தத்தில் 9 சதவீதம் டீசல். 5டபிள்யூ-30 ஆயிலில் அந்த 30 என்ற எண், 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 9.3-இலிருந்து 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் 30. அதற்குக் கீழே போனால் 20. நீங்கள் காசு கொடுத்து 30 வாங்கி ஊற்றியிருப்பீர்கள், உள்ளே ஓடுவது 20 ஆக இருக்கும். கிராங்க்‌ஷாஃப்ட் பேரிங்கும் டர்போவின் தண்டும் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகின்றன. அந்தப் படலம் மெலிந்தால் உலோகமும் உலோகமும் உரசும். ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்பு வேதிப்பொருட்களும் டீசலால் நீர்த்துப் போயிருக்கும்.

அளவு ரொம்பவே ஏறினால் வேறு தொல்லைகளும் உண்டு. கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலை அடித்துக் கடைந்து நுரையாக்கிவிடும். ஆயில் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் காற்றுப் பாதைக்குப் போனால், டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் நிற்காமல், தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகம் பிடிக்கும். ஆங்கிலத்தில் ரன்அவே என்று சொல்வது இதைத்தான். அணைத்ததும் காற்றை அடைக்கும் கதவு இப்போது பல இன்ஜின்களில் இருப்பதால் இது அரிது. மேனுவல் கியர் காரில் நேர்ந்துவிட்டால், பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறி நிற்க வைக்கலாம். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இறங்கி விலகி நிற்பதே நல்லது. காற்று போகும் வழியைக் கையால் அடைக்கப் பார்க்காதீர்கள்.

[திரையில்: சமதளத்தில் நிற்கும் கார். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி, எடுக்கும் கை.]

சரி, பார்ப்பது எப்படி? கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஓடி வந்த இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் கீழே இறங்கிய பிறகு பாருங்கள். காருக்குக் காருக்கு இதில் சின்ன வித்தியாசம் உண்டு, கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். பெரும்பாலான டிப்ஸ்டிக்கில் இரண்டு குறிதான் இருக்கும். மாஸ்டாவின் சில டீசல் கார்களில் மேல் கோட்டுக்கும் மேலே எக்ஸ் என்று இன்னொரு குறி உண்டு. ஆயில் அதைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். ஆயில் ஏறும் என்று எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படி ஒரு குறி போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முகர்ந்தும் பாருங்கள். டீசல் நெடி தூக்கலாக அடித்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டு சில மணி நேரம் காத்திருங்கள். கரி நடுவில் கறுப்பாக நிற்கும். அதற்கு வெளியே, ஈரம் பட்டது போல வெளிறிய ஒரு வளையம் அகலமாகப் பரவியிருந்தால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். துல்லியமாகத் தெரிய ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கொஞ்சம் ஆயில் எரிக்கும் இன்ஜினில் 300 மில்லி ஆயில் குறைந்து 300 மில்லி டீசல் சேர்ந்தால், டிப்ஸ்டிக் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. "வருஷம் முழுக்க ஆயில் ஒரு சொட்டு குறையவில்லை" என்று பெருமைப்படும் குறுந்தூர ஓட்டுநர் அந்த ஆயிலை முகர்ந்து பார்ப்பது நல்லது.

ஏறியதெல்லாம் ரீஜென்னால்தான் என்றும் இல்லை. ஆயில் பால் கலந்தது போல வெளுத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டும் குறைந்திருந்தால் அது கூலண்ட் கசிவு, அந்த இன்ஜினை ஓட்டவே கூடாது. ஒரு இன்ஜெக்டர் ஒழுகினாலும் டீசல் இறங்கும், அப்போது ஐட்லிங் நடுக்கமும் புகையும் சேர்ந்து வரும். சில இன்ஜின்களில் ஹை பிரஷர் பம்ப்பின் சீல் போனாலும் இதே கதை.

அடிக்கடி ரீஜென் வருகிறது என்றால் ஏன் என்று தேட வேண்டும். என் சந்தேகம் முதலில், கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடி இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேல்தான் போகும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, ரீஜென் ஒழுங்காக நடக்காது. விலை குறைந்த பாகம், ஆனால் கடைசியில்தான் யாராவது அதைப் பார்ப்பார்கள். டி.பி.எஃப் பிரஷர் சென்சார், அதன் ரப்பர் குழாய், டர்போ காற்றுக் கசிவு, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர் வால்வு எல்லாம் அடுத்தது.

[திரையில்: மீட்டர் போர்டு. ஐட்லிங் முள் வழக்கத்தைவிட மேலே.]

ரீஜென் நடக்கும்போது பல கார்கள் வாய் திறந்து சொல்லாது. ஐட்லிங் கொஞ்சம் கூடியிருக்கும். சிக்னலில் தானாக அணைய வேண்டிய இன்ஜின் அணையாது. மைலேஜ் காட்டும் எண் சட்டென்று விழும். அணைத்த பிறகும் ஃபேன் ஓடும், சூடான இரும்பு வாசனை வரும். இவற்றைக் கவனித்தால், முடிந்தவரை இன்னும் பத்து பதினைந்து நிமிடம், ஆர்.பி.எம் 2,000-ஐ ஒட்டி இருக்கும்படி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஆயில் ஏறிவிட்டால் என்ன செய்வது? கூடுதலாக இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து மேல் கோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் சிலர். அளவு சரியாகும், ஆனால் மிஞ்சியிருப்பது அதே 9 சதவீதம் டீசல் கலந்த ஆயில். முழுக்க வடித்து, ஃபில்டரோடு மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன ஏசியா (ACEA, ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கத்தின் தர வகை) சி வகை ஆயிலையே ஊற்றுங்கள். இவற்றில் சாம்பல் குறைவு. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது டி.பி.எஃப்-இலேயே சேர்ந்துகொண்டிருக்கும். குறுந்தூரமே ஓட்டுகிறீர்கள் என்றால், கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாகக் குறித்த இடைவெளிதான் உங்களுக்குப் பொருந்தும்.

டி.பி.எஃப்-ஐயே கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், அந்தக் கரி போவது நம் நுரையீரலுக்குள்.

புது ஆயில் ஊற்றும்போது மேல் கோட்டைத் தொடும்வரை ஊற்ற வேண்டாம், முக்கால் அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், சில கார்களின் கம்ப்யூட்டர் ஆயிலில் எவ்வளவு டீசல் கலந்திருக்கும் என்று தானே கணக்கு வைத்திருக்கும். ஆயிலை மாற்றியதும் ஸ்கேனரைப் போட்டு அந்தக் கணக்கையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் புது ஆயிலுக்கும் அது பழைய ஆயிலின் வார்னிங்கையே காட்டிக்கொண்டிருக்கும். பில்லைக் கையில் வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.