சேலத்து மெஸ்ஸுல இலை போட்டதும் என்ன நடக்குது?

[காட்சி: மதியம் பன்னிரண்டரை. அடுப்படியில் பெரிய அண்டா, குழம்பு கொதிக்கிறது. கடையின் பெயர்ப் பலகை எங்கும் தெரியக் கூடாது.]

குரல்:
சேலத்துல மிலிட்டரி ஓட்டலுக்கோ மெஸ்ஸுக்கோ சாப்பிடப் போறவங்க ரெண்டு வகை. "சாப்பாடு எவ்வளவுங்க?"ன்னு கேட்டுட்டு நிம்மதியா உக்கார்றவங்க ஒரு வகை. பில்லைப் பார்த்து "இவ்வளவா?"ன்னு முழிக்கிறவங்க இன்னொரு வகை. பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்.

எந்தக் கடை நல்ல கடைன்னு இந்த வீடியோவுல பட்டியல் போடப் போறதில்லை. அஞ்சு ரோட்டுலயோ செவ்வாய்ப்பேட்டையிலயோ, எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் எதுக்குக் காசு கொடுக்கறோம், சமையல் எப்படின்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது, அது மட்டும்தான்.

[காட்சி: இலை மேல் தண்ணீர் தெளிக்கும் கை. சோறு விழுகிறது. குழம்பு வாளிகள்.]

சோறு வந்ததும் பின்னாடியே வாளிங்க வரும். கோழிக் குழம்பு, மட்டன் குழம்பு, மீன் குழம்பு, அப்புறம் ரசம், மோர். பெரும்பாலான கடைகள்ல இதெல்லாம் சாப்பாட்டு விலைக்குள்ளயே அடக்கம். கேட்டா மறுபடியும் ஊத்துவாங்க. ஆனா குழம்புக்குள்ள கறித்துண்டைத் தேடாதீங்க. கறி தனி, விலையும் தனி.

[காட்சி: தட்டு நிறைய கிண்ணங்கள். சுக்கா, ஈரல், மூளை, குடல், தலைக்கறி, காடை.]

இந்தத் தட்டோட ஒரு தம்பி உங்க மேசைக்கு வருவாரு. "வேணுங்களா?"ன்னு கேக்க மாட்டாரு. "என்னங்க வைக்கட்டும்?"னுதான் கேப்பாரு. பசி நேரத்துல அந்தக் கேள்விக்கு "ஒண்ணும் வேண்டாம்"னு சொல்ற மனுஷனை நான் பார்த்ததில்லை. கை நீட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் என்ன விலைன்னு கேளுங்க. கேக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. அங்க தினம் சாப்பிடறவங்களும் கேப்பாங்க.

குழம்பை மட்டும் எப்படி இவ்வளவு தாராளமா ஊத்த முடியுது? வெட்டின ஆட்டை எப்படிப் பிரிக்கறாங்கன்னு பாருங்க. சதை சுக்காவுக்கும் வறுவலுக்கும் போயிடும். எலும்பு, கழுத்து, சவ்வு, கொஞ்சம் கொழுப்பு, இதெல்லாம் அண்டாவுக்கு. எலும்பையும் சவ்வையும் இளந்தீயில ரொம்ப நேரம் வேகவிட்டா அதுல இருக்கற கொலாஜன்கற புரதம் கரைஞ்சு, பசை மாதிரி ஜெலட்டினா மாறும். குழம்பு மாவு சேர்க்காமலே கனமாகும், சாப்பிட்டதும் உதட்டுல லேசா ஒட்டும். வீட்டுல குக்கர்ல அரைக் கிலோ கறி போட்டு நாலு விசில் விட்டா இந்தக் கனம் வராததுக்குக் காரணம் இதுதான். கடையில லாபம் தர்றது சைடு டிஷ், ஆனா ஆளை மறுபடி இழுத்துட்டு வர்றது இந்தக் குழம்பு.

அதனால கடையை எடை போடணும்னா சுக்காவை விட்டுட்டுக் குழம்பைப் பாருங்க.

[காட்சி: இலையின் மூன்று ஓரங்களில் மூன்று குழம்பு, ஒவ்வொரு கரண்டி. அருகில் இருந்து.]

சோத்துல ஊத்தறதுக்கு முன்னாடி மூணு குழம்பையும் இலை ஓரத்துல தனித்தனியா கொஞ்சம் விடச் சொல்லுங்க. தொட்டு நாக்குல வைங்க. மட்டன் குழம்புல மிளகு, சீரகத்தோட ஆட்டுக் கொழுப்பு வாசம் முன்னாடி வரணும். கோழிக் குழம்பு கொஞ்சம் தண்ணியா, தேங்காய் தூக்கலா இருக்கும். மீன் குழம்புல புளி. மூணும் ஒரே ருசியா இருந்தா, அடிப்படைக் குழம்பு ஒண்ணு வெச்சு மூணு வாளியில பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கூட்டம் அதிகமான கடையில இது நடக்கும். சாப்பிடக் கூடாதுன்னு சொல்லல, ஆனா அங்க மூணு குழம்பையும் மாத்தி மாத்திக் கேக்கறதுல பிரயோஜனம் இல்லை.

இன்னொரு சோதனை. ஓரத்துல விட்ட குழம்பு ஆறினதும் பசை மாதிரி இறுகி, மேல பளபளன்னு தெரிஞ்சா சோள மாவு சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைச்சு விட்ட குழம்பு ஆறினா எண்ணெய் பிரிஞ்சு நிக்கும், கொஞ்சம் திப்பியும் தெரியும்.

நம்ம பக்கத்துக் குழம்புல சின்ன வெங்காயம், கொத்தமல்லி, வரமிளகாய், தேங்காய், எல்லாத்தையும் கடலெண்ணெயில வதக்கி அரைப்பாங்க. கொத்தமல்லி கூட, பட்டை கிராம்பு கம்மி. மட்டன் குழம்புல பட்டைதான் மொதல்ல மூக்குல ஏறுதுன்னா அது பாக்கெட் மசாலான்னு நான் சந்தேகப்படுவேன்.

[காட்சி: மேய்ச்சல் நிலம். செம்மறிக் கூட்டம்.]

கறி பத்தி. சேலம் மாவட்டத்துக்குன்னே ரெண்டு ஆட்டு இனம் இருக்கு. மேச்சேரி, இளம் பழுப்பு நிறச் செம்மறி. கொம்பு இருக்காது, கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. இந்த இனத்துக்குன்னே பொட்டனேரியில ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இன்னொண்ணு சேலம் கருப்பு, உடம்பு முழுக்கக் கருப்பான, உயரமான வெள்ளாடு. செம்மறியில கொழுப்பு கூட, வெள்ளாட்டுக் கறி கொஞ்சம் இறுக்கம். "எந்த ஆடுங்கண்ணா?"ன்னு கேட்டா எல்லாக் கடையிலயும் "வெள்ளாடுதாங்க"ன்னுதான் பதில் வரும். பதிலை நம்பறது உங்க இஷ்டம். எலும்புக் குழம்புக்கு மேச்சேரி ஒண்ணும் மட்டமில்லைங்கறது என் கட்சி.

கோழியில எதைக் கேக்கலாம்? பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில, காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கற ஊர். இப்போ நாமக்கல் மாவட்டம், 1997-க்கு முன்னாடி சேலம் மாவட்டம். விதையை உதிர்த்த வரமிளகாய் நிறைய, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லு பல்லா நறுக்கின தேங்காய், மஞ்சள், உப்பு. மசாலாத் தூள் கிடையாது, தக்காளி கிடையாது. ஒளிச்சு வைக்க எதுவும் இல்லாத பதார்த்தம், கோழி பழசுன்னா உடனே தெரிஞ்சிடும். குடைமிளகாயும் செக்கச்செவேல்னு சாயமுமா வந்தா திருப்பி அனுப்பலாம். சமைச்ச கறியில செயற்கைச் சாயம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள்ல அனுமதி இல்லை.

மீனுக்கு மேட்டூர். 1934-ல கட்டி முடிச்ச அணை, அந்தத் தேக்கத்துல கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் உண்டு. கடல் மீன் நமக்கு ஐஸ் பெட்டியிலதான் வந்து சேரணும். அதனால சேலத்துல உக்காந்து வஞ்சிரம் கேக்கறதை விட "அணை மீன் என்ன இருக்கு?"ன்னு கேக்கறது புத்திசாலித்தனம்.

ஈரல் மட்டும் ரெண்டு மணிக்கு மேல வேண்டாம். திரும்பத் திரும்பச் சூடு பண்ணினதுல ரப்பராயிருக்கும்.

[காட்சி: ஏற்காடு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி.]

ஏற்காடு போனீங்கன்னா மிளகு வறுவல் கேளுங்க. காப்பித் தோட்டத்துல நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக் மரத்து மேலயே மிளகுக் கொடி ஏத்தியிருப்பாங்க, சரக்கு அங்கேயே விளையுது. மத்தபடி அரிசியும் கறியும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும், விலையும் கூடவே ஏறும்.

காரம் தாங்கலைன்னா தண்ணி குடிக்காதீங்க. மிளகாயோட காரம் தண்ணியில கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். மோர்ல இருக்கற கேசீன் புரதம் அதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும்.

[காட்சி: கல்லாப்பெட்டி. பில் அருகில் இருந்து.]

இப்போ பில். கணக்குக்காக, சாப்பாடு 130, சுக்கா 220, மீன் 160, மொத்தம் 510 ரூபாய்னு வைங்க. சாதாரண ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 25 ரூபாய் 50 காசு. ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் 2017 நவம்பர்ல இருந்து இதே விகிதம்தான். ஏசி ஹாலுக்கு விலை கூடன்னா அது கடைக்காரர் வெச்ச விலை, வரி இல்லை. பில்லுல ஜிஎஸ்டி எண் இல்லாம வரி மட்டும் போட்டிருந்தா கொடுக்க வேண்டியதில்லை. காம்போசிஷன் திட்டத்துல, அதாவது சின்னக் கடைங்க தங்களோட மொத்த விற்பனைக்குத் தாங்களே ஒரு சின்ன வரி கட்டற ஏற்பாட்டுல இருக்கற கடையும் வாடிக்கையாளர்கிட்ட தனியா வரி வாங்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தோட 14 இலக்க எண்ணும் பில்லுல இருக்கணும், அதையும் ஒரு பார்வை பாருங்க.

வீட்டுக்குப் பார்சல் வாங்கறவங்க தூக்குப்போசி கொண்டு போங்க. கொதிக்கற குழம்பைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வாங்கறது நல்லதில்லை. பிளாஸ்டிக் கைப்பைக்கும் உணவு கட்டற பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டுல 2019 ஜனவரியில இருந்தே தடை இருக்கு. போசி நீட்டினா குழம்பு ஒரு கரண்டி கூடவே விழும், இது என் அனுபவம். ராத்திரிக்குன்னு வைக்கறதா இருந்தா வீட்டுக்கு வந்ததும் ஆறவெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வைங்க. சாப்பிடும்போது வெதுவெதுப்பா சூடு காட்டாம, தளதளன்னு கொதிக்க விட்டு இறக்குங்க.