முரசின் மேல் உருளும் பகடை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பரோக் காலத்துச் (ஐரோப்பாவில் ஏறத்தாழ பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய ஆடம்பரக் கலைக்காலம்) செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட படங்களில் அதிகாரமும் போரும் என்னென்ன சின்னங்களாக வந்தன என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். கழுகு, செங்கோல், வாகை மாலை என்று நீளும் வரிசையை விட்டுவிட்டு, இன்று பிரான்சில் உள்ள, அன்று தனி நாடாக இருந்த லொரேனின் நான்சி நகரில் 1592இல் பிறந்த ஜாக் கல்லோ என்ற ஒரு கலைஞரிடம் மட்டும் நின்றுகொள்கிறேன்.

ஸ்பானியத் தளபதி ஸ்பினோலா நெதர்லாந்தின் பிரெடா நகரை முற்றுகையிட்டு 1625இல் வென்றபோது, அவ்வெற்றியைப் பதிவுசெய்யும் பொறுப்பை ஸ்பெயினின் சார்பில் அப்பகுதியை ஆண்ட இளவரசி இசபெல்லா கல்லோவிடம் ஒப்படைத்தார். ஆறு தகடுகளில் அச்சிட்டு இணைக்கும் அந்தப் பெரும்படத்தில் அணிவகுப்பும் ஈட்டியும் கொடியும் வென்றவரின் ஒழுங்கைப் பறைசாற்றுகின்றன.

அதே கை 1633இல் 'போரின் பெருந்துயரங்கள்' என்னும் 18 படங்களைத் தந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரம், 19 சென்டிமீட்டர் அகலம்தான். லூட் என்னும் நரம்புக்கருவி செய்வோர் பூசும் கெட்டியான வார்னிஷைத் தகட்டில் பூசி, அதன்மேல் கீறி அமிலத்தில் அரிக்கவிடும் முறையைக் கல்லோ கைக்கொண்டிருந்ததால், அவ்வளவு சிறிய பரப்பிலும் கோடுகள் கலங்காமல் நிற்கின்றன.

அவற்றுள் தூக்குத்தண்டனைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவே ஒரு பெருமரம். கொள்ளையடித்த படைவீரர்கள் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறார்கள். கீழே அச்சிட்டுள்ள செய்யுளும் அவர்களைக் கேடுகெட்ட கனிகள் என்றே சொல்கிறது. ஏணியில் ஏறிய பாதிரியார் சாகப்போகிறவனிடம் சிலுவையை நீட்டுகிறார். சுற்றிலும், பிரெடா படத்தில் பெருமிதத்தின் அடையாளமாக இருந்த அதே ஈட்டிகளும் கொடிகளும் நிற்கின்றன. தொடரின் கடைசிப் படத்தில் அரசர் நல்ல வீரர்களுக்குப் பரிசு வழங்குவதால், கல்லோ அதிகாரத்தையே மறுத்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மரத்தடியில் ஒரு முரசு இருக்கிறது. அக்காலப் படைகளில் கட்டளையின் குரலே முரசுதான். அது ஒலித்தால்தான் அணி நகரும். இங்கே இருவர் அதைப் பலகையாக்கிப் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அருகில் இறந்தவர்களின் உடைகள் குவிந்து கிடக்கின்றன. சிலுவையடியில் இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுப்போட்ட உரோமைப் போர்வீரர்களின் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த அன்றைய கிறித்தவ வாசகர், அந்தப் பகடையை வெறும் பொழுதுபோக்காகக் கண்டு கடந்திருக்க முடியாது என்பதே என் துணிபு.