சூரை மீனும் சிவப்புப் பொன்னும்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ பாசையூரிலோ மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சதையை அமத்திப் பார்ப்பார், மணந்து பார்ப்பார். விளைமீனுக்கு அது பெரும்பாலும் போதும். சூரைக்கும் சாளைக்கும் போதாது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் மூக்குக்குப் பிடிபடாது, குழம்பில் கொதித்தாலும் அழியாது. உண்டவருக்கு முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம் விதித்த பாதுகாப்பு எல்லை, கிலோவுக்கு 200 மில்லிகிராம்.

இதைக் கண்ணுக்குக் காட்டப் பொன் நனோ துணிக்கைகள், அதாவது மிக மிக நுண்ணிய பொன் துகள்கள், உதவும். 13 நனோமீற்றர் அளவில் பொன் மஞ்சளாக இராது. தண்ணீரில் மாதுளம்பழச் சாறுபோலச் சிவந்திருக்கும். துணிக்கைகள் மறை (நெகட்டிவ்) மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஹிஸ்டமின் அவற்றில் ஒட்டி அந்தத் தள்ளுகையைக் குலைத்தால் அவை திரளும், நிறம் நாவற்பழம்போலாகி நீலம் பிடிக்கும்.

இந்தப் பொன் கரைசலைத் தயாரிப்பது கடினமல்ல. பொன் அடங்கிய சேர்வையான குளோரோ ஓரிக் அமிலம் 39 மில்லிகிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்துக் கொதிக்க வையுங்கள். கலக்கியபடியே, 114 மில்லிகிராம் சோடியம் சித்திரேற்றுக் கரைந்த 10 மில்லிலீற்றர் நீரை ஒரே தடவையில் ஊற்றுங்கள். மஞ்சள் வெளிறும், கறுக்கும், பிறகு சிவக்கும். 10 நிமிடம் கொதித்ததும் ஆறவிட்டுக் கபிலப் போத்தலில், குளிரில் வையுங்கள். உறைய விட்டால் திரண்டு கெட்டுவிடும்.

நீர் காய்ச்சி வடித்ததாகவே இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமே பொன்னைத் திரளச் செய்யும். போத்தலைக் கிணற்று நீரில் அலசினாலே போதும், மீன் படாமலே நீலமாகலாம்.

மீனிலும் இதே சிக்கல் உண்டு. சதையிலுள்ள உப்பு நல்ல மீனையும் நீலமாகக் காட்டும். கருவாட்டுக்கு இந்த முறையை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. புரதம் எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: துணிக்கைகளைப் போர்த்திக் கொண்டு, கெட்ட மீனையும் சிவப்பாகவே வைத்திருக்கும். என் பார்வையில் இதுவே கூடிய ஆபத்து. புரதத்தை அமிலம் விட்டு வீழ்த்தலாம். ஆனால் அமிலமும் பொன்னைத் திரட்டும், அதை நடுநிலையாக்கினால் மீண்டும் உப்புத்தான் பிறக்கும்.

ஆகவே முதலில் நீர்த்துப் பாருங்கள். 5 கிராம் சதையை அரைத்து, வடித்த நீருடன் 50 மில்லிலீற்றராக்கி, வடிதாளில் வடியுங்கள். வடிந்ததில் 1 மில்லிலீற்றரை 10 ஆக்குங்கள். உப்பு குறையும், தேடுகிற ஹிஸ்டமினும் குறையும்: எல்லையைத் தொட்ட மீனிலும் லீற்றருக்கு 2 மில்லிகிராமே மிஞ்சும்.

கோழி இறைச்சிக்கு வேறு வழியுண்டு. வெள்ளி நனோ துணிக்கைகள் கொண்ட ஜெல்லை இறைச்சிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினால், கெடும் இறைச்சியிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு பட்டு அதன் மஞ்சள் மாறும். வாயு மட்டுமே தொடுவதால் உப்பும் புரதமும் குறுக்கிடா. ஹிஸ்டமின் அப்படி ஆவியாகி வராது.

சூரைக்கு எப்போதும் மூன்று குழாய் வையுங்கள். மூன்றிலும் சம அளவு பொன் கரைசல். முதலாவதில் வடித்த நீர், இரண்டாவதில் மேலே நீர்த்த மீன் சாறு, மூன்றாவதில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் ஹிஸ்டமின் சேர்த்த அதே சாறு. முதலாவது நீலமானால் நீரிலோ போத்தலிலோ பிழை. மூன்றாவது சிவப்பாகவே நின்றால் புரதம் மறைக்கிறது. அப்போது இரண்டாவதின் சிவப்பை வைத்து அந்த மீனை நல்லதென்று விற்கக் கூடாது.