ஒரு வீட்டுக்கு எத்தனை தாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேறொரு பகுதிக்குக் குடிபெயரலாமா, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாமா என்ற கேள்வி ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால், யாராவது ஒருவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்துவிடுவார். ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது 1772 செப்டம்பரில் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனென்றால் பிரீஸ்ட்லி அவரிடம் யோசனை கேட்டதே ஊர் மாறுவதைப் பற்றித்தான்.

பிரீஸ்ட்லி அப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதகுரு. ஆண்டுக்கு நூறு கினி, அதாவது 105 பவுண்டு சம்பளம், குடியிருக்க வீடு. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று எதையும் சேர்த்துவைக்க அந்த வருமானம் இடம் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஷெல்பர்ன் பிரபு தம் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வரும்படி அழைத்தார். ஆண்டுக்கு 250 பவுண்டு, தனி வீடு. ஆனால் லீட்ஸை விட்டுவிட்டு, நாட்டின் தென்மேற்கே கால்ன் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

என்ன செய்வது என்று சொல்லும் அளவுக்குத் தமக்கு விவரம் தெரியாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பிராங்கிளின் பதில் எழுதினார். தாளை இரண்டாகப் பிரியுங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு, தோன்றத் தோன்றக் காரணங்களை இரு பக்கமும் குறித்து வாருங்கள். பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சமமானால் இரண்டையும் அடியுங்கள். இந்தப் பக்கத்து ஒன்று அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடியுங்கள். மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிரீஸ்ட்லி 1773-இல் குடும்பத்தோடு புறப்பட்டார். அடுத்த ஆண்டு, அந்தப் பிரபுவின் மாளிகையில் வைத்துச் செய்த சோதனையில்தான், பின்னர் ஆக்சிஜன் என்று பெயர் பெற்ற வாயுவைப் பிரித்தெடுத்தார்.

இது நல்ல முறைதான். முக்கியமாக, மூன்று நான்கு நாள் பொறுத்து எழுதச் சொன்னாரே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். முதல் நாள் மாலை தோன்றுகிற காரணங்களும் மூன்றாம் நாள் காலை தோன்றுகிற காரணங்களும் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் இந்த முறையை ஒரு குடும்பத்துக்கு அப்படியே பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிராங்கிளின் சொன்ன கணக்கில் ஒரு பக்கத்துக் காரணம் மறுபக்கத்துக் காரணத்தை அடித்துவிடுகிறது. கணவனின் சம்பள உயர்வு, மனைவி விட்டுவிட்டு வரும் வேலையை அடித்துவிடுகிறது. பெரியவர்களுக்குக் கிடைக்கிற விசாலமான வீடு, பத்தாம் வகுப்புப் பிள்ளை இழக்கிற நண்பர்களை அடித்துவிடுகிறது. தாளில் இரண்டும் சமமாகிக் கோடு விழுந்துவிடும். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு என்பது அந்தத் தாளில் எங்கேயும் தெரியாது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: வீட்டுக்கு ஒரு தாள் போதாது, ஆளுக்கு ஒரு தாள் வேண்டும். புறப்படுகிறவர்களுக்கும் வேண்டும், பழைய இடத்திலேயே தங்கிவிடப் போகிறவர்களுக்கும் வேண்டும்.

ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1978-இல் இதை வெளிப்படையாக எழுதினார். ஒரு குடும்பம் மொத்தமாகப் பார்த்தால் லாபம் என்று இடம் பெயர்கிறது. ஆனால் அதில் ஒருவர், தனி ஆளாக இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டார். குடும்பத்தோடு கட்டுண்டு போகிறார். இதன் மறுபக்கமும் உண்டு: தனியாக இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பார், குடும்பத்துக்காக நின்றுவிட்டார். இந்த இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

நம் பாலைத் திணைப் பாடல்களை நினைத்துப் பாருங்கள். பொருள் தேடிப் போகிற பிரிவைப் பாடும்போது, போகிறவன் நெஞ்சோடு மட்டும் புலவர்கள் நின்றுவிடவில்லை. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். ஒரே பயணம், வேறு வேறு குரல். நான் கேட்கிற தாள்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரு சான்று மிக அழுத்தமானது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களை வைத்து அரசு ஒரு திட்டம் நடத்தியது. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிகளில் மட்டும் வாடகைக்குப் போகும்படி உதவிச் சீட்டு கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால், வசதியும் ஊக்கமும் உள்ளவர்கள்தான் கிளம்பினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது, இடம் மாறிய பெற்றோரின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் மன உளைச்சல் குறைந்திருந்தது. கடுமையான உடற்பருமனும் நீரிழிவும் குறைந்திருந்தன. 2016-இல் பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் பிள்ளைகளின் கணக்கை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன்பே புதிய இடத்துக்கு வந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், வராத பிள்ளைகளைவிட ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13-ஐத் தாண்டிய பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சொல்லப்போனால் சிறிது பாதகமாகவே இருந்தது.

அதே பெட்டி படுக்கை, அதே வீடு, அதே நாள். அக்காவுக்கு ஒரு விளைவு, தம்பிக்கு வேறொரு விளைவு. "பிள்ளைகளுக்காகப் போகிறோம்" என்று சொல்லும்போது எந்தப் பிள்ளை என்று கேட்காமல் விடலாமா? எட்டு வயதுப் பிள்ளையின் தாளில் சாதகமாக எழுதப்படுவது பதினைந்து வயதுப் பிள்ளையின் தாளில் பாதகமாக இருக்கலாம். பாடமொழி மாறுமா, பாதி ஆண்டில் பள்ளி மாற வேண்டுமா, பொதுத்தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். சம்மதம் கேட்பது போல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

வாழ்க்கைத் துணையின் தாள் பெரும்பாலும் வெற்றாகவே கிடக்கிறது. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரே வரி. சில தொழில்களுக்குப் பகுதி மாறினால் மறுபதிவு வேண்டும், சிலவற்றுக்குத் தேர்வே எழுத வேண்டும். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்களைத் தம்மோடு கொண்டுபோக முடியாது. இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து எழுதிவிடலாம். வேலைக்கு அழைக்கப்பட்டவரும் தம் தாளில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: இந்த வேலை போய்விட்டால், அதே வட்டாரத்தில் என் தொழிலுக்கு அடுத்த வேலை தரக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒரு முதலாளியை நம்பிப் போகிற இடத்துக்கும், ஐந்தாறு முதலாளிகள் நம்மைத் தேடக்கூடிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சம்பளத் தொகையில் தெரிவதில்லை.

அடுத்து, கனம் பார்ப்பது. கண்ணில் படுகிற விஷயங்களுக்கு நாம் கூடுதல் எடை போடுகிறோம். டேவிட் ஷ்கேட், டேனியல் கானெமன் என்ற இரு ஆய்வாளர்கள், 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் கலிஃபோர்னியாவிலும் மாணவர்களிடம், தங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரு இடத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்தியாக இருந்தார்கள். ஆனால், உங்களைப் போன்ற ஒருவர் அந்த இன்னொரு பகுதியில் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, கலிஃபோர்னியாவில் இருப்பவர்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்று இரு இடத்தாருமே சொன்னார்கள். இதமான வெயில்தான் காரணம். ஓர் இடத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்கும்போது அதன் வானிலையும் காட்சியும் பெரிதாகத் தெரிகின்றன. அங்கேயே வாழ்கிறவருக்கு அன்றாட வேலையும் உறவும் உடம்பும்தான் பெரிது. அதனால், போகப் போகும் இடத்தை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மிக மோசமான பருவத்தில், ஒரு சாதாரண வேலைநாளில் போங்கள். வேலைக்குப் போகும் நேரத்தில், வேலைக்குப் போகும் வழியிலேயே பயணம் செய்யுங்கள். ஜெர்மனியின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்த ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரு பொருளியலாளர்கள், தினசரிப் பயணம் நீள நீள மக்களின் திருப்தி குறைவதையும், நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை முழுதாக ஈடுசெய்யாததையும் 2008-இல் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாருடைய தாளிலும் எடை குறைத்துப் போடப்படுவது பழக்கமான மனிதர்கள். நெருங்கிய நண்பர்களைச் சொல்லவில்லை. அவர்களோடு தொலைபேசியிலாவது பேசிக்கொள்ளலாம். பெயர் தெரிந்த, பார்த்தால் தலையசைக்கிற, அவசரத்துக்குச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிற அந்தப் பத்து இருபது பேரைச் சொல்கிறேன். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேலைச் செய்தி வந்தது எப்போதாவது, அபூர்வமாகச் சந்திக்கிறவர்களிடமிருந்து. இந்த மனிதர்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். புதிய இடத்தில் அந்த வட்டம் உருவாக எவ்வளவு காலம் ஆகும்? ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், அண்மையில் ஊர் மாறியவர்களிடமும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடமும் விசாரித்து ஒரு மதிப்பீடு தந்தார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணிக்கு மேல். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு செலவிட்டால் 200 மணி என்பது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. அலுவலகம் போகிறவருக்கு அந்த மணிகள் வேலையிடத்திலேயே கிடைத்துவிடும். வீட்டில் இருப்பவருக்கும் வயதானவருக்கும் எங்கிருந்து கிடைக்கும்? அவர்கள் தாளில் இந்த வரி மிகக் கனமானது.

பழைய இடத்திலேயே தங்கிவிடும் பெற்றோர் இருந்தால், சராசரிப் பயண நேரத்தை எழுதாதீர்கள். நள்ளிரவில் ஒரு தொலைபேசி வந்தால் அவர்கள் படுக்கையருகே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை எழுதுங்கள்.

இவ்வளவு சொன்னதால், போகாதீர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். போகாமல் இருப்பதும் ஒரு முடிவு, அதற்கும் விலை உண்டு, அந்த விலையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பத்து ஆண்டு கழித்து அதே வேலை, அதே வருமானம் என்றால் யாருடைய வாய்ப்பு சுருங்குகிறது என்பதையும் தாளில் எழுத வேண்டும். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியலாளர், வாழ்க்கை மாற்றம் ஒன்றை முடிவு செய்ய முடியாமல் தடுமாறிய ஆயிரக்கணக்கானவர்களை இணையம் வழியாக நாணயம் சுண்டச் செய்து பார்த்தார். பெரிய முடிவுகளில், மாற்றத்தின் பக்கம் போனவர்கள் ஆறு மாதம் கழித்து, போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டத் துணிகிற அளவுக்கு இரு பக்கமும் சமமாக இருந்தவர்கள் அவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் எல்லாத் தாளும் கடைசி வரை சமமாகவே நிற்கிறது, பயம் மட்டும்தான் பிடித்துவைத்திருக்கிறது என்றால், நான் போகும் பக்கமே நிற்பேன்.

போவதாக முடிவானால் திரும்பும் வழியையும் அப்போதே பேசிவிட வேண்டும். இ. ஜி. ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-இல் மக்கள் இடம்பெயர்வதன் விதிகளை எழுதியபோது, ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று குறித்தார். திரும்பி வருகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அது தோல்வி என்று வீட்டில் யாரும் நினைக்கக்கூடாது, பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசவும் கூடாது. பிரீஸ்ட்லியும் இதைக் கவனித்திருந்தார்: பிரபுவோடு உறவு முறிந்தாலும் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 150 பவுண்டு கிடைக்கும் என்று முன்பே பேசிவைத்திருந்தார். 1780-இல் இருவரும் பிரிந்தபோது அந்தத் தொகை கிடைத்தது. நமக்கு அப்படிப்பட்ட பிரபு வாய்க்கமாட்டார். ஆனால் முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருக்கலாம். பழைய வீட்டை உடனே விற்காமல் இருக்க முடியுமானால் விற்காமல் இருக்கலாம். குடும்பம் முழுவதும் திரும்பி வரும் செலவைத் தனியாக எடுத்து, எதற்கும் தொடாமல் வைக்கலாம்.

ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய இடத்துக்குப் போய் ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ ஆன பிறகு, எல்லாரும் உட்கார்ந்து தத்தம் தாளை மறுபடி எடுத்துப் படிக்கிற தேதி. அந்தத் தேதியை யார் குறிப்பது? எவர் தாளில் பாதகம் அதிகமோ அவர் குறிக்கட்டும். அன்றைக்கு முதலில் பேசுகிறவரும் அவராகவே இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.