அளந்து போடு: மீட்டரும் கையெழுத்தும் கோயில் பின்னறையும்

(தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மரியாதைகளை முதலில் முடித்துக்கொள்கிறேன். தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயாவுக்கு வணக்கம். கோயில் குருக்கள் ஐயாவுக்கு வணக்கம். கோயில் கமிட்டித் தலைவர் அண்ணாவுக்கும் வணக்கம். அவரோடு எனக்கு இன்று ஒரு வழக்கு இருக்கிறது, ஆனால் வணக்கத்தில் குறை வைக்க மாட்டேன். வேலை நெருக்கடியிலும் வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களுக்கு வணக்கம். என் அக்காவின் சர்க்கரையை 20 வருஷமாகக் கட்டுக்குள் வைத்திருக்கும் டாக்டர் அம்மா முன் வரிசையில் இருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாயசம் இரண்டாம் முறை வாங்க முடியாது, அவருக்கும் வணக்கம். டோங்காட்டிலிருந்து வந்த பஜனைக் குழுவுக்கும், விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கும் தனி வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் என் வயசை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கருவி, சட்டம், நுகர்வோர் உரிமை’. நான் வக்கீல் இல்லை. டர்பனில் கிரே தெருவில், அதாவது இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பெயர் மாறியிருக்கும் தெருவில், ஒரு மின்சாதனக் கடையில் 31 வருஷம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன். டிவி நம் நாட்டுக்கு வந்ததே 1976-இல்தான். லைசென்ஸ் சீட்டு இல்லாதவருக்கு டிவி விற்கக் கூடாது என்பது சட்டம். கல்யாணச் சீராக டிவி வாங்க வந்த எத்தனையோ அப்பாக்களை ‘சீட்டு எங்கே ஐயா?’ என்று கேட்டு நிற்க வைத்திருக்கிறேன். கருவியும் சட்டமும் எந்த இடத்தில் இடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கவுன்டரில்தான்.

இன்று நான்கு விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, முன்பணம் கட்டி வாங்கும் மின்சாரமும் டேட்டாவும். இரண்டு, கையெழுத்துப் போடும் ஒப்பந்தம். மூன்று, நம்முடைய சொந்தத் தகவல். நான்கு, பழுதாகிப்போன பொருள். செயலாளர் 15 நிமிடம் கொடுத்திருக்கிறார், கடிகாரத்தையும் எனக்கு எதிரிலேயே மாட்டியிருக்கிறார்.

எங்கள் ஆயா மவுண்ட் எட்ஜ்கூம்பில் கரும்புத் தோட்ட பாரக்ஸில், அதாவது கூலியாட்களின் லைன் வீட்டில், பிறந்தவள். அரிசியை ஒரு பழைய பால் டின்னால்தான் அளப்பாள். தலையைத் தட்டிவிட்டு, அதிகமாக இருக்கும் நாலு மணியைத் திரும்ப மூட்டையில் போடுவாள். ஏன் ஆயா என்று கேட்டால், ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பாள். என்னைத் தெரிந்தவர்கள் இதை என்னிடம் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். இன்றும் கேட்பீர்கள்.

சரி, முதல் விஷயம். 2024 புரட்டாசி, ஒரு சனிக்கிழமை. என் அக்காவுக்கு 78 வயசு. தனியாக இருக்கிறாள். விரதம், மத்தியானம் படையல். அடுப்பில் மடும்பி கறி, அதாவது சேப்பங்கிழங்கு, பக்கத்தில் பருப்பு. மீட்டர் காலையிலிருந்தே கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறது, யூனிட் தீரப்போகிறது என்று. பேத்தி கராஜுக்கு, அதாவது பெட்ரோல் பங்குக்குப் போய்க் கரன்ட் வாங்கி, ஸ்லிப்பைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வழக்கமாக அந்த ஸ்லிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். நாலு நாலாகப் பிரித்த 20 எண், அதுதான் டோக்கன். அதை மீட்டரில் அழுத்தினால்தான் யூனிட் ஏறும். அன்றைக்கு மூன்று வரி. இத்தனை வருஷமும் ஒரு வரியையே பார்த்துப் பழகிய அக்கா, மேலே இருக்கிற இரண்டும் ஏதோ விளம்பரம் என்று கிழித்துவிட்டாள். கீழ் வரியை மட்டும் அழுத்தினாள். மீட்டர் ஏற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஏற்கவில்லை. மூன்றாம் தடவை அழுத்துவதற்குள் இருந்த யூனிட்டும் தீர்ந்து அடுப்பு அணைந்தது.

எனக்கு போன் வந்தது. ‘தம்பி, இந்த மீட்டர் என்னை ஏற்க மாட்டேங்குது.’ எண்ணைப் படி அக்கா, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அக்கா பூஜ்யத்தை முட்டை என்றுதான் சொல்வாள். ‘ஒன்பது, முட்டை, முட்டை, நாலு...’ எழுதி எண்ணினால் 19. மறுபடி படித்தாள், 21. விரத நாளில் இத்தனை முட்டையா என்று பின்னாலிருந்து என் மனைவி. மகனுடைய பக்கியை, அந்தச் சின்ன லாரியை, எடுத்துக்கொண்டு நானே போனேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மீட்டர், அந்த மூலை இருட்டு, சாமி அறையிலிருந்து காமாட்சி விளக்கைத் தூக்கி வந்து பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறாள். ஸ்லிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மேல் துண்டு எங்கே அக்கா?

அது பக்கத்து வீட்டில் இருந்தது. காலையில் வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு அந்தத் துண்டில்தான் திருநீறு மடித்துக் கொடுத்திருக்கிறாள்! போய்க் கேட்டோம். அந்த அம்மா திருநீற்றை ஒரு சாஸரில் கொட்டிவிட்டு, மனசே இல்லாமல் காகிதத்தைக் கொடுத்தார்கள். எண்ணெல்லாம் சாம்பல். ஊதினேன். சாமி பிரசாதத்தை வாயால் ஊதலாமா என்று அதற்கு ஒரு திட்டு. விளக்கு வெளிச்சத்தில் முதல் வரி 20, இரண்டாம் வரி 20, அப்புறம் கரன்ட்டுக்கான மூன்றாம் வரி 20 என்று வரிசை மாறாமல் 60 எண் அழுத்தினேன். லைட் வந்தது. மடும்பி வேக மாலை நாலு மணி ஆகிவிட்டது. படையல் போட்டபோது காக்கைகூடத் தூங்கப் போயிருக்கும்.

சிரித்துவிட்டீர்கள், சரி. ஏன் இப்படி நடந்தது? இந்த 20 எண் முறை நம் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போனது. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் அது எந்த நிமிடம் வாங்கியது என்ற கணக்கு மறைந்திருக்கிறது. பயன்படுத்திய டோக்கனையே மறுபடி அழுத்தி ஏமாற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. நிமிடத்தை 1993 ஜனவரி 1-லிருந்து எண்ணினார்கள். எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிமிடத்துக்குத்தான் போதும். அது 2024 நவம்பர் 24-இல் தீர்ந்தது. அதற்குள் ஒவ்வொரு மீட்டருக்கும் அந்த இரண்டு புது வரியை ஊட்டியாக வேண்டியிருந்தது. ஊட்டாத மீட்டர் அப்புறம் எந்தக் கரன்ட் டோக்கனையும் வாங்காது. ஊட்டிவிட்டால், முன்னாலே வாங்கி டிராயரில் வைத்திருந்த பழைய டோக்கன் செல்லாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றாளே ஆயா; இங்கே அளக்கிற படியே நிரம்பிவிட்டது.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஸ்லிப்பின் மேல்தான். அதில் பொடி எழுத்தில் ‘சாவி மாற்றம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா அதைப் படிக்காமல் இல்லை. ‘வீட்டுப் பூட்டை மாற்றிக் கொடுக்கிறோம் என்று எவனோ விளம்பரம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்’ என்றாள். 2008-ஆம் வருஷத்து 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நுகர்வோருக்குக் கொடுக்கும் காகிதம் எளிய மொழியில் இருக்க வேண்டும். சாதாரணப் படிப்புள்ள ஒருவர் அதிகம் சிரமப்படாமல் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் என்கிறது. கரன்ட் ஸ்லிப்புக்கு அந்தப் பிரிவு செல்லுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். என் அக்கா ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கே புரியாதது எளிய மொழியா?

டேட்டாவும் இதே கதைதான். 2019-லிருந்து தொலைத்தொடர்பு ஆணையம் இக்காசாவின் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. டேட்டா பாதி தீர்ந்ததும், 80 சதவீதம் தீர்ந்ததும், முழுக்கத் தீர்ந்ததும் உங்களுக்குச் செய்தி வர வேண்டும். தீர்ந்த பிறகு நீங்கள் சம்மதிக்காமல் கூடுதல் விலைக்கு ஓட்டக் கூடாது. மிச்சத்தை நீட்டிக்கவும், அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொருவருக்கு மாற்றவும் வழி வைக்க வேண்டும். அந்தச் செய்தியைப் பார்க்காமலே அழிக்கிறோமே, ஆற்றில் போடுகிறோம், அளக்கவும் இல்லை.

இரண்டாவது, கையெழுத்து. 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம் ஆட்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. ஐந்து வருஷக் கூலி ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பெருவிரலை வைத்தவர்கள்தான் பெரும்பாலும். 1895-இல் சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுண்ட் வரி. ஆறு மாதக் கூலி! 1913-இல் கரும்புத் தோட்டமும் நிலக்கரிச் சுரங்கமும் வேலையை நிறுத்தி, ஜெயிலுக்குப் போய், 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. இன்றைக்கு நம் பேரன் போனில் ‘சம்மதம்’ என்று ஒரு கட்டத்தைத் தொடுகிறான். அதுவும் விரல்தான். அவன் படித்தவன், ஆனால் அதைப் படிக்கவில்லை.

போன் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அதே நுகர்வோர் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. தனி நபர் போடும் காலவரை ஒப்பந்தம் வழக்கமாக 24 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் வேண்டாமென்றால், 20 வேலை நாள் முன்னால் எழுத்தில் சொல்லி விலகலாம். கம்பெனிக்காரர்கள் நியாயமான ஒரு தொகை கேட்கலாம். கருவியின் பாக்கியையும் கட்ட வேண்டியிருக்கும். ‘ரத்து செய்யவே முடியாது அங்கிள்’ என்று கவுன்டரில் ஒரு பையன் சொன்னால், அதை எழுதிக் கொடு தம்பி என்று கேளுங்கள். எழுத மாட்டான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன், கமிட்டித் தலைவர் அண்ணா மன்னிக்க வேண்டும். இந்தக் கோயில் கூடத்தின் பின்னறையையும் அதற்கு மேலே மொட்டை மாடியையும் ஒரு செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். அறையில் அவர்களுடைய பெட்டிகளும் பேட்டரிகளும், மாடியில் கம்பம். மாதாமாதம் பணம். கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் 14 குழந்தைகள் தமிழ் படிக்கிறார்கள். கரும்பலகையில் ‘ழ’ இன்னும் அழிக்காமல் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். காலம் 9 வருஷம் 11 மாதம். அது என்ன ஒரு மாதம் குறைச்சல்? நம் நாட்டுச் சட்டத்தில் 10 வருஷக் குத்தகை நெடுங்காலக் குத்தகை ஆகிவிடும். அதைப் பத்திரப் பதிவில் ஏற்ற வேண்டும். ஒரு மாதம் குறைத்தால் அந்த வேலை இல்லை. தப்பு இல்லை, ஊர் வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு 7 வயசாக இருக்கும் குழந்தைக்கு அப்போது 17 வயசு. அதற்குள் தமிழ் எங்கே படிக்கும்? இன்னும் இருக்கிறது. அவர்கள் ஆட்கள் 24 மணி நேரமும் உள்ளே வரலாம், காவடி அன்றைக்கும்தான். வேறு கம்பெனியின் ஆன்டெனாவையும் அதே கம்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவன் தரும் வாடகையில் கோயிலுக்குப் பங்கு உண்டா என்று ஒரு வரிகூட இல்லை. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்ற இடம் காலி.

‘பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம், நீங்கள்தானே அந்த 20 நாள் சட்டத்தைச் சொல்வீர்கள்’ என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அதுதான் வலிக்கிறது. அந்த 14-ஆம் பிரிவு தனி மனிதர்களுக்கு. சங்கம், டிரஸ்ட், கம்பெனி என்று அமைப்பும் அமைப்பும் செய்யும் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. போதாததற்கு இங்கே இடம் கொடுப்பவர்கள் நாம். நாம் நுகர்வோரே இல்லை. நம்மைக் காக்க எந்த ஆணையமும் வராது. காகிதத்தில் இருப்பதுதான் சட்டம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு அண்ணா, இது 9 வருஷம் 11 மாதத்து ஆறு.

இன்னொன்று. நம் 1996 அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில், இந்த நாட்டில் வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது பெயர்களோடு தமிழும் இருக்கிறது. அரசியலமைப்பே இடம் கொடுத்த மொழிக்கு நம் கோயிலில் ஒரு அறை இல்லையா? கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்கு ஏற்கெனவே ஒரு கோபுரம் இருக்கிறது, அதற்கு அருகில் இன்னொன்று நிற்கட்டும். பெட்டிகளை வெளிச்சுவர் ஓரமாகக் கூண்டு கட்டி வைக்கச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அறையை விடுங்கள். கையெழுத்துக்கு முன்னால் அந்த நகலை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு பக்கமாக வாய்விட்டுப் படிப்போம். நானே படிக்கிறேன், தண்ணீர் மட்டும் வையுங்கள்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். மூன்றாவது விஷயத்துக்கு ஒரு வாக்கியம்: 2021 ஜூலை 1-லிருந்து சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், நீங்கள் வாடிக்கையாளராக இல்லாத கம்பெனி உங்கள் சம்மதமில்லாமல் விளம்பரச் செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது, தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நான்காவதுக்கு ஒரு சொல்: ஆறு மாதம். வாங்கிய பொருள் அதற்குள் பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. மிச்சம் அடுத்த வருஷம், கூப்பிட்டால்.

அடுத்து சனிக்கிழமை வகுப்புக் குழந்தைகள் ஆத்திசூடி சொல்லப் போகிறார்கள். அந்தப் பின்னறையில் பழகியதுதான். யாராவது இந்த மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுங்கள், அவர்களுக்கு எட்டாது.