மே மாதத்தில் ஒரு போன்

(திருவல்லிக்கேணியில் ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவியரும் கூடிய ஒரு கூட்டத்தில், வடசென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ஐஸ் ஹவுஸ் வரும். விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறிவிட்டாலும் நம் வாயில் ஐஸ் ஹவுஸ்தான். சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த இடம் அது. அவருக்கே சின்ன வயதில் கல்யாணமாகி, சீக்கிரமே கணவரும் இறந்துபோனார். அப்பா விடாமல் படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் மகள் பட்டம் வாங்கினார்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 முடிவதற்குள் கல்யாணம் ஆகியிருக்கிறது. நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அஞ்சு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தும்போது என் கண் அந்த அஞ்சு பேரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. "கோயில்ல கல்யாணம் வைக்க வயசுக்குச் சான்று கேக்குறாங்க டீச்சர். நாலு வருஷம் கூட்டிப் போட்டுத் தர முடியுமா?" என்றார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. மகள் பின்னால் நின்று ஜன்னல் கட்டையில் படிந்திருந்த சாக்பீஸ் தூளை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவரை உட்காரச் சொல்லிப் பேசவிட்டேன். நாலு வீட்டில் வேலை செய்கிறார். காலையில் அஞ்சரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி ஆகிவிடும். பெண் நாலரை மணிக்கே வீட்டில் தனியாக. தெருமுனையில் ஒரு பையன் பைக்கோடு நிற்கிறான். "வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் பாத்திரம் தேய்க்கிறேன் டீச்சர். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவளை யார் கட்டுவா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார் கட்டுவா?

உலகத்தில் இன்று 23 கோடிக்கும் அதிகமான பெண்கள் பிறப்புறுப்பு சிதைப்புக்கு ஆளானவர்கள் என்று 2024இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. சடங்கு என்ற பெயரில் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பை வெட்டிச் சிதைப்பது அது. பெரும்பாலும் கைக்குழந்தை முதல் 15 வயதுக்குள் செய்துவிடுகிறார்கள். இதனால் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. ரத்தப்போக்கு, சீழ், சிறுநீர் போகும்போதெல்லாம் வலி, பிரசவத்தில் ஆபத்து, சிலருக்கு உயிரே போகிறது. கென்யாவில் மாசாய், சம்புரு மக்களிடையே இந்தச் சடங்கு முடிந்தால் பெண் கல்யாணத்துக்குத் தயார் என்று அர்த்தம். அத்தோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. நம் நாட்டில், முஸ்லிம்களில் ஒரு பிரிவான போரா சமூகப் பெண்கள் சிலர், ஏழு வயதில் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே வெளியில் வந்து சொன்னார்கள். அதற்கு எத்தனை தைரியம் வேண்டும்! இதைத் தடைசெய்யக் கேட்ட வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

இதைச் செய்யச் சொல்லும் தாய்களைக் கேட்டால், பல ஊர்களில் அதே பதில்தான். செய்யாவிட்டால் இவளை யார் கட்டுவார்கள்?

செனகல் நாட்டில் மலிக்குண்டா பம்பாரா என்று ஒரு கிராமம். டோஸ்டான் என்ற அமைப்பு அங்கே பெண்களுக்குத் தாய்மொழியில் வகுப்பு நடத்தியது. உடம்பு, சுகாதாரம், உரிமை எல்லாம் பேசினார்கள். 1997இல் அந்தப் பெண்களே கூடி, இனி எங்கள் பெண்களுக்கு இதைச் செய்ய மாட்டோம் என்று அறிவித்தார்கள். அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது டெம்பா தியாவாரா என்ற இமாம், ஒரு ஊர் மட்டும் விட்டால் போதாது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற எல்லா ஊரும் சேர்ந்து விட வேண்டும் என்றார். சொல்லிவிட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர் ஊராக நடந்தார். அடுத்த வருடம் 13 கிராமங்கள் ஒன்றாக அறிவித்தன. சட்டம் 1999இல்தான் வந்தது.

சம்பந்தி ஊர்களைப் பிடித்தாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெண்ணை மட்டும் உட்காரவைத்து "நீ தைரியமா இரு" என்று சொல்லிப் பயனில்லை. பதினாலு வயதுக் குழந்தை எத்தனை பேரை எதிர்த்து நிற்கும்?

நாங்களும் அதைத்தான் செய்தோம், எங்களுக்குத் தெரிந்த அளவில். அதே தெருவிலிருந்து இன்னும் ஆறு தாய்களைக் கூப்பிட்டோம். ஆறு மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தோம், ஆசிரியைகள் முறைவைத்து உட்கார்ந்தோம். பைக் பையனின் அம்மாவும் கூட்டத்துக்கு வந்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணம் நின்றது. அந்தப் பெண் பிளஸ் டூ முடித்தாள்.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைத் திருமணத்தை நடத்துபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். மாவட்ட சமூக நல அலுவலர் வந்து நிறுத்துவார். சரி, நிறுத்திவிட்டுப் போன பிறகு? அந்தப் பெண் மறுநாள் காலையில் எங்கே போவாள்? அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த உதவியை 2022இல் படிப்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பெண் படிப்பதை வீடு ஒரு செலவாகப் பார்க்காமல் இருக்க அந்த ஆயிரம் உதவுகிறது.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ஏப்ரலில் ஊருக்குப் போனவள். ஜூனில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், பிறகுதான் விசாரித்தேன். வைகாசி முகூர்த்தத்திலேயே முடிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தை நம்பினேன், ஆனால் பள்ளிக்கூடத்துக்கே இரண்டு மாதம் லீவு என்பதை யோசிக்கவில்லை. அவள் பெயரைப் பதிவேட்டில் அடித்த சிவப்புக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருடத்திலிருந்து ஏப்ரலில் கடைசிப் பரீட்சை அன்று ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு நம்பர் வாங்கிக்கொள்வேன், வீட்டு நம்பர் ஒன்று, ஊரில் தங்கப்போகும் இடத்து நம்பர் ஒன்று. மே மாதத்தில் எல்லோருக்கும் ஒரு தடவை போன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டேன். "என்னம்மா பண்றே? அம்மாகிட்ட குடு." வீட்டில் கல்யாணப் பேச்சு இருந்தால் அம்மாவின் குரலிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் போனைத் திரும்ப வாங்கி அந்தக் குழந்தை கேட்கும்: "டீச்சர், புது புக்கு எப்ப தருவாங்க?"