குழம்புச் சட்டியில் பழம்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் ஆச்சிமார்களே, ஐயாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பழத்துக்கு இடம் இலையோரமா, குழம்புச் சட்டியா?’ என்பது தலைப்பு. 1939-ல் கம்பன் கழகம் கண்ட காரைக்குடியில், கைகேயிக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துவிட்டு மாம்பழத்தைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். நான் சட்டியின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று குற்றம் சொன்னார். பழத்தைக் குழம்பில் போடுவது செல்போன் பார்த்துக் கற்ற புதுப்பழக்கம், அன்னாசி நம் ஊர்ச் சரக்கே இல்லை, போட்டால் கசக்கும் என்றார். புளியும் பழம்தானே, தக்காளியும் பழம்தானே என்று கேட்டு நான் இப்போதே ஜெயித்துவிடலாம். அது மலிவான வாதம், சொல்லப்போவதில்லை. (சொல்லியாயிற்று, நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.)

புதுப்பழக்கமா? எங்கள் அப்பத்தா கையில் செல்போனே இருந்ததில்லை. சித்திரை, வைகாசியில் நத்தத்துப் பக்கமிருந்து மாம்பழம் வந்து இறங்கும். நறுக்கித் தின்ன முடியாத குட்டி நார்ப்பழங்களைத் தனியே பொறுக்குவார். தோலைச் சீவி, கொட்டையோடு அப்படியே புளிக்குழம்பில் போடுவார். அன்றைக்குப் புளி பாதிதான், மிளகாய்த்தூள் மட்டும் ஒரு கரண்டி கூட. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் பழம் உள்ளே இறங்கும். முன்னாலேயே போட்டால் கரைந்து பாயசமாகிவிடும் என்பார். சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிய அந்தக் காரத்துக்கு நடுவில் ஒரு இனிப்பு வந்து நாக்கைத் தொடும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு பிடி சோறு கேட்போம். மாங்காயாக இருக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரில் மண்டி வைக்கிறோமே, அப்போது வாய் திறக்காத அண்ணன், அது பழுத்ததும் ஏன் சண்டைக்கு வருகிறார்?

அன்னாசி வெளியூர்தான், ஒத்துக்கொள்கிறேன். தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியரோடு கப்பலேறி, பேரையும் கூடவே கொண்டுவந்த பழம். ஆனால் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலிப் பளிங்கில் தரை போட்டு, பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைக் கல்யாணத்தில் இனிப்பாகப் பரிமாறும் ஊர் இது. இங்கே அன்னாசி ரசத்துக்கு மட்டும் விசா கேட்பீர்களா அண்ணே?

அப்புறம் அந்தக் கசப்பு. அவர் வீட்டு அன்னாசிப் பச்சடி கசந்ததாம். கசக்கத்தான் செய்யும். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. அது தயிரில் உள்ள புரதத்தை அறுத்துப்போடும், அதில்தான் கசப்பு வருகிறது. துண்டுகளை நன்றாக வேகவைத்து, ஆறவைத்து, பிறகு தயிர் ஊற்றினால் நொதியும் இல்லை, கசப்பும் இல்லை. பழி அன்னாசிக்கு, தப்பு அடுப்பைப் பற்றவைக்காதவருக்கு!

காலைப் பலகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போய்வந்தால் வீட்டில் அர்ச்சனை வாழைப்பழம் சேரும். மூன்றாம் நாள் தோல் கறுத்ததும் பிள்ளைகள் தொடாது. அதைப் பிசைந்து, மிஞ்சிய தோசைமாவில் கொஞ்சம் வெல்லத்தோடு கலந்து பணியாரச் சட்டியில் ஊற்றினால், அதே பிள்ளைகள் அடுப்படியை விட்டு நகராது. தீ மட்டும் சிறிதாக இருக்கவேண்டும். பழத்தின் சர்க்கரை சீக்கிரம் கருகும், உள்ளே மாவு வேகாமலே இருக்கும். நான் இரண்டு ஈடு கருக்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், சரி, முடிக்கிறேன். மதியம் விழாப் பந்தியில் அண்ணனுக்கு எதிர் இலை என்னுடையது. மாம்பழக் குழம்பில் கிடந்த கொட்டையை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம் விட்டு, அண்ணன் சூப்பியதை நான் பார்த்தேன் நடுவர் அவர்களே!